பின்வளவு மரம் மார்ச்சில் ஏன் சொட்டுகிறது?

மார்ச் 7, கேள்வி

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் போன கோடையில்தான் வீடு வாங்கினோம். பின்வளவில் வேலியோரம் ஒரு பெரிய மரம் நிற்கிறது. கூரையில் முட்டுகிறது என்று ஒரு கொப்பை வெட்டுவித்தேன். அன்றிலிருந்து வெட்டின இடத்தால் தண்ணி ஒழுகிக்கொண்டே இருக்கிறது, அடிமரம் முழுக்க ஈரம். மரம் வெட்டுகிற இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளுக்குள் உக்கிவிட்டது, காற்றுக்கு விழமுதல் அடியோடு எடுக்கவேண்டும் என்று பெரிய தொகை ஒன்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையா? மழையும் இல்லாமல் ஒரு மரத்தில் இவ்வளவு தண்ணி எங்கிருந்து வரும்? படம் போட்டிருக்கிறேன்.

மார்ச் 7, இரவு, பதில்

தம்பி, மரத்தில் கை வைக்கவேண்டாம். படத்தில் கொப்பைப் பாருங்கள், மொட்டுகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கின்றன. அது மேப்பிள். ஆஷ் மரத்துக்கும் மொட்டு அப்படித்தான் வரும், ஆனால் ஆஷ் இப்படிச் சொட்டாது, எங்கள் பக்கத்தில் ஆஷ் முக்கால்வாசி வண்டு தின்று செத்தும் போய்விட்டது. மார்ச் மாதம் மேப்பிளின் கொப்பை வெட்டினால் ஒழுகத்தான் செய்யும். உக்கின மரம் தெளிந்த தண்ணியாகச் சொட்டாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், தண்ணி மாதிரித்தான் இருக்கும், கடைசியில் மெல்லிய இனிப்பு ஒன்று தட்டும், மணம் ஒன்றும் இருக்காது. அது மரத்தின் சாறு, அதில் நோய் எதுவும் இல்லை.

ஏன் வருகிறது என்பதை நாளைக்கு எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளும்.

மார்ச் 8

சரி. நிறையப் பேர் நினைப்பது என்னவென்றால், குளிருக்குச் சாறெல்லாம் வேருக்கு இறங்கிவிடும், வசந்தம் வந்ததும் மேலே ஏறும், ஏறும்போது வெட்டினால் வழியும் என்று. மேப்பிளில் நடப்பது அது இல்லை.

மரத்துக்குள் தண்ணி போகிற குழாய்களைப் பள்ளியில் காழ் என்று படித்திருப்போம். அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் நார்க் கலங்கள் இருக்கும். அநேக மரங்களில் அந்த நாருக்குள்ளும் தண்ணிதான் இருக்கும், மேப்பிளில் அது காற்று நிரம்பிக் கிடக்கும். விஷயம் முழுக்க அந்தக் காற்றில்தான் இருக்கிறது. இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போகும்போது நாருக்குள் இருக்கிற வாயு சுருங்குகிறது, ஒரு பகுதி கரைகிறது. பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணி நாருக்குள் இழுபட்டு உள்சுவரில் பனிக்கட்டியாகப் படிகிறது. இழுபட்ட தண்ணிக்கு ஈடாக வேர் மண்ணிலிருந்து தண்ணி குடிக்கிறது. அதாவது பனி பிடிக்கிற இரவில்தான் மரம் தண்ணி இழுக்கிறது. கட்டி வளர வளர, உள்ளே மிஞ்சியிருக்கிற வாயு நெருக்கப்பட்டு அடைபட்டுக் கிடக்கும்.

விடிந்து வெயில் பட்டுப் பூச்சியத்துக்கு மேலே போனதும் கட்டி உருகுகிறது, அடைபட்ட வாயு விரிந்து தண்ணியைத் திரும்பக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் சில நாள் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் வரை போகும், கார் டயருக்கு நாங்கள் அடிக்கிற காற்றை விடக் கூட. அந்த அழுத்தத்தில் எங்கே ஓட்டை கிடைத்தாலும் வெளியே வரும், மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்று பார்க்காது.

இந்த விளக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் மில்பர்னும் ஓமாலியும், 1984ல். வாயுவை மட்டும் வைத்துச் சொன்னால் ஒரு இடைவெளி விழுகிறது, நெருக்கப்பட்ட வாயு கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றில் கரைந்து அழுத்தம் குறைந்துபோக வேண்டும், ஆனால் அழுத்தம் பல மணித்தியாலம் நிற்கிறது. அதற்குச் சாற்றில் இருக்கிற சீனியைச் சொல்கிறார்கள். சீனி குழாய்க்குள் இருக்கிறது, நாருக்குள் போக முடியாது, அதனால் தண்ணியைக் குழாய்ப் பக்கமே இழுத்து வைத்திருக்கிறது. சீனி எங்கிருந்து என்றால், போன கோடையில் இலைகள் செய்து மரத்துக்குள் மாப்பொருளாகச் சேமித்தது, குளிர்காலம் முடிகிற நேரத்தில் திரும்பச் சீனியாக மாறுகிறது.

மார்ச் 8, பின்னேரம்

ஓக் மரத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஓக் சொட்டாது. அதன் நாரில் இந்த வேலை நடப்பதில்லை. மேப்பிள், வால்நட், பட்டர்நட், இவற்றில்தான் பனிக்கும் உருகலுக்கும் இடையே இப்படி அழுத்தம் ஏறும்.

கோடையில் அதே மேப்பிளை வெட்டினால் ஏன் சொட்டுவதில்லை என்பதும் இதோடு வருகிறது. இலை வந்த பிறகு இலைகள் மேலேயிருந்து தண்ணியை உறிஞ்சி இழுக்கின்றன. குழாய் இழுவிசையில் இருக்கும், வெட்டினால் காற்று உள்ளே போகுமே தவிரத் தண்ணி வெளியே வராது.

மார்ச் 10

வெட்டின இடத்தில் பெயின்ட் அடிக்கலாமா, தார் பூசலாமா, சீமெந்து வைத்து அடைக்கலாமா என்று கேட்கிறீர்கள். எதுவும் வேண்டாம். உள்ளேயிருந்து தள்ளுகிற தண்ணியைப் பெயின்டால் மறிக்க முடியாது, ஒன்றில் உரிந்து விழும், இல்லாவிட்டால் அதற்குக் கீழே ஈரம் தங்கிப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். மரம் தன் காயத்தைச் சுற்றி விளிம்பு கட்டி, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மூடும். செய்யவேண்டிய ஒரே வேலை, வெட்டும்போது கொப்பு அடிமரத்தோடு சேருகிற இடத்தில் புடைத்து நிற்கிற கழுத்தை விட்டு வெட்டுவது. அந்தக் கழுத்திலிருந்துதான் மூடுகிற தோல் வளரும். தம்பியின் படத்தில் கழுத்து நன்றாக இருக்கிறது, முதல் வெட்டினவர் வேலை தெரிந்தவர்.

இவ்வளவு ஒழுகினால் மரம் களைத்துப் போகாதா என்றால், இல்லை. ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் சிரப்புக்காக வருடாவருடம் துளை போட்டு வாளி வாளியாக எடுக்கிற மரங்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. ஒரு நல்ல மரத்தில் ஒரு துளையிலிருந்து ஒரு பருவத்துக்கு 40 லீற்றர் எடுப்பது சாதாரணம்.

மார்ச் 13

பேர்ச் பற்றிக் கேட்ட அக்காவுக்கு. உங்கள் வெள்ளைப் பட்டை மரம் இன்னும் சொட்டவில்லை என்றால் நேரம் வரவில்லை என்று அர்த்தம். பேர்ச் மேப்பிளுக்குப் பிறகு, ஏப்ரல் அளவில்தான் தொடங்கும், காரணமும் வேறு. அது வேர் அழுத்தம். மண் இளகினதும் வேர்கள் உப்பையும் சீனியையும் தங்கள் குழாய்க்குள் சேர்க்கின்றன, அதன் பின்னால் மண்ணிலிருந்து தண்ணி தானாக உள்ளே வருகிறது, வருகிற தண்ணி மேலே தள்ளுகிறது. இதற்கு இரவில் பனி பிடிக்கவேண்டும் என்றில்லை, இரவு பகல் என்று விடாமல் வரும். பின்லாந்து, பால்டிக் நாடுகள், உக்ரேன், ரஷ்யா எங்கும் பேர்ச் சாறைப் பச்சையாகவே குடிப்பார்கள்.

திராட்சைக் கொடியும் இந்த வகைதான். எங்கள் அயலில் ஒரு இத்தாலியக் கிழவர் பந்தல் போட்டுத் திராட்சை வைத்திருக்கிறார். ஏப்ரலில் பிந்திக் கத்தரித்தால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி தொங்கும், துடைத்தால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்து நிற்கும். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வெட்டின திராட்சைக் கொடியில் கண்ணாடிக் குழாய் பொருத்தி அளந்தார், சாறு 20 அடிக்கும் மேலே ஏறியது. அவர் அதை வெளியிட்டது 1727ல். வீட்டுத் தோட்டத்துக் கொடி ஒன்றை வைத்து ஒரு மனிதர் இதைக் கண்டுபிடித்தது எனக்கு இன்றைக்கும் பெரிய வியப்பு.

மார்ச் 15

தம்பி, “நேற்றோடு நின்றுவிட்டது, மரம் காய்ந்துபோய்விட்டதா” என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பநிலையைப் பாருங்கள், இரண்டு இரவாகப் பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை. கட்டி பிடிக்காவிட்டால் உருக ஒன்றும் இல்லை, அடைபட்ட வாயு தள்ளி முடித்துவிட்டது. திரும்ப ஒரு குளிர் இரவு வந்து அடுத்த நாள் வெயில் எறித்தால் பத்துப் பதினொரு மணிக்குத் திரும்பத் தொடங்கும். தெற்குப் பக்கம் பார்த்த கொப்பு முதலில் சொட்டும்.

எங்கள் வளவில் நிற்பது வெள்ளி மேப்பிள். போன மாதக் கடைசியில் உறைமழையில் ஒரு கொப்பு முறிந்துபோனது. பகலில் சொட்டினது பின்னேரம் உறைந்து, முறிவிலிருந்து ஒரு பனி ஈட்டி தொங்கும். கூரையில் தொங்குகிற ஈட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், இது கொஞ்சம் மங்கல், கடித்தால் மெல்ல இனிக்கும். பிள்ளைகள் முறித்துத் தின்கிறார்கள், விட்டுவிட்டேன். அணிலுக்கும் தெரியும். ஒரு கொப்பின் பட்டையைக் கடித்துவிட்டுப் போய்விடுகிறது, அங்கே நின்று குடிப்பதில்லை. பிறகு தண்ணி காய்ந்து சீனி மிஞ்சினதும் வந்து நக்குகிறது. மேய்ன் மாநிலத்தில் பெர்ண்ட் ஹைன்றிச் என்ற உயிரியலாளர் சிவப்பு அணில்களில் இதே பழக்கத்தைப் பார்த்து 1992ல் எழுதியிருக்கிறார். நான் பார்த்தது எங்கள் பக்கத்துக் கறுப்பு அணில்.

மார்ச் 18

காய்ச்சலாமா? காய்ச்சலாம். துளை போடுவதென்றால் மரம் நெஞ்சு உயரத்தில் குறைந்தது 30 சென்ரிமீற்றர் குறுக்களவு இருக்கவேண்டும், துளை ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் போதும், சாறு வெளியே வழிய வசதியாக உள்ளே போகப் போகக் கொஞ்சம் மேல்நோக்கி. வீதியோர மரத்தில் கை வைக்காதீர்கள், அது நகரசபையின் மரம். பூச்சிமருந்து ஏற்றின மரத்திலும் வேண்டாம்.

சாறைக் குளிரில் வைத்து ஓரிரு நாளில் காய்ச்சிவிடவேண்டும், பால் மாதிரி அதுவும் பழுதாகும். 40 லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் சிரப். மிச்சம் 39 லீற்றரும் ஆவியாகி எங்கேயோ போகவேண்டுமே, குசினிக்குள் காய்ச்சினால் சுவரிலும் அலுமாரியிலும் படியும். எங்கள் வீட்டில் அம்மா இதற்கு உடனே தடை போட்டார். வெளியே அடுப்பு வைத்துக் காய்ச்சினோம். கடைசிக் கட்டம்தான் கவனம், குமிழி சின்னச் சின்னதாகப் பொங்கத் தொடங்கினதும் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, ஒரு நிமிடத்தில் பொங்கி அடுப்பில் ஊற்றிவிடும். தண்ணி கொதிக்கிற வெப்பத்துக்கு மேலே 4 பாகை வந்தால் சிரப் பதம்.

மார்ச் 19

நேற்று எழுதின 40க்கு 1 சீனி மேப்பிளுக்கு, சாற்றில் 2 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே சீனி இருந்தால். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, 86ஐச் சீனி வீதத்தால் பிரித்தால் எத்தனை லீற்றருக்கு ஒரு லீற்றர் என்று வரும். 2 வீதம் என்றால் 43. வெள்ளி மேப்பிள், மனிற்றோபா மேப்பிள் இரண்டிலும் சீனி குறைவாக வருவதால் 60, 70 என்று போகும். பேர்ச்சில் 100க்கு மேலே, அதன் சீனியும் வேறு வகை, அடி பிடித்துக் கருகிவிடும். பின்வளவில் எங்களுக்கு வாய்ப்பது அநேகமாக நோர்வே மேப்பிள்தான், எல்ம் மரங்கள் நோயில் செத்தபோது தெருத்தெருவாக நட்ட மரம் அது. கோடையில் இலைக்காம்பை முறித்துப் பாருங்கள், வெள்ளைப் பால் வந்தால் நோர்வே. வசந்தச் சாறு அதிலும் தெளிவாகத்தான் வரும், குடிக்கலாம்.

மார்ச் 24

“இது எங்கடை கருப்பணிதானே” என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். பார்க்க அப்படித்தான் தெரியும், எனக்கும் முதல் முறை வாளியைப் பார்த்தபோது முட்டி கட்டின பனைதான் மனதில் வந்தது. ஆனால் மரம் செய்கிற வேலை நேர் எதிர். பனையில் சீவுவது பாளையை. அங்கே வருவது இலைகள் அப்போதைக்கப்போது செய்த சீனியைப் பூவுக்கும் காய்க்கும் கொண்டுபோகிற உரியத்தின் சாறு. அதனால்தான் அதில் 10 வீதத்துக்கு மேலே சீனி இருக்கிறது, தினமும் சீவிக் காயத்தைப் புதுப்பிக்க வேண்டியும் இருக்கிறது. மேப்பிளில் வருவது காழின் தண்ணி. இலையே இல்லாத காலத்தில், போன வருடச் சேமிப்பில் கொஞ்சம் கரைந்து வருகிறது. அதைச் சீவத் தேவையில்லை, குளிரும் வெயிலும் மாறி மாறி வந்தால் போதும். பனங்கட்டி காய்ச்ச விறகு ஒரு பங்கு என்றால் மேப்பிளுக்குப் பல பங்கு.

இன்னொன்று. இது வெள்ளையர் கொண்டுவந்த தொழில் இல்லை. இங்கத்தைப் பூர்வகுடிகளான அனிஷினாபே, ஹோடினோஷோனி மக்கள் வெள்ளையர் வருவதற்கு முன்பே காய்ச்சினார்கள், அனிஷினாபே மக்களுக்குச் சீனிச் சந்திரன் என்றே ஒரு மாதம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிரப் காய்ச்சுவதைப் பார்க்கப் புறூசஸ் மில்லுக்கோ கோட்றைற்றுக்கோ போகிறவர்கள் அதையும் சொல்லிக்கொடுங்கள்.

மார்ச் 29

முன்பு எழுதியதோடு சேர்த்து வாசிக்க ஒரு விஷயம். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புறொக்டர் மேப்பிள் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்கின்ஸும் அபி வான் டென் பெர்க்கும் இளம் மேப்பிள்களின் தலையை வெட்டி, வெட்டின அடியில் வெற்றிடக் குழாய் பொருத்திப் பார்த்தார்கள். மேலே மரமே இல்லை, ஆனாலும் சாறு வந்துகொண்டே இருந்தது. உச்சியில் தேங்கியிருந்தது கீழே வடிகிறது என்று சொல்ல இனி வழியில்லை, மண்ணிலிருந்து வேர் வழியாகத்தான் வருகிறது. மழையில்லாமல் தண்ணி எங்கிருந்து என்று தம்பி கேட்டதற்கு நேரடியான பதில் இது, உருகின பனி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, மரம் அதைக் குடிக்கிறது.

ஏப்ரல் 2

எப்போது கவலைப்படவேண்டும் என்று கேட்டவர்களுக்கு.

மணக்கிறதா என்று பாருங்கள். புளித்த, அழுகின மணத்தோடு மண்ணிறமாகவோ நுரையாகவோ வழிந்து, பட்டையில் நீளமாகக் கறை வைத்தால் அது மரத்துக்குள் பக்ரீரியா செய்கிற வேலை. எல்ம் மரத்தில் அடிக்கடி வரும், மேப்பிளிலும் வரும். அது கூட உடனே மரத்தைக் கொல்லாது. முன்பு குழாய் அடித்து வடிய விடுவார்கள், இப்போது அதைச் செய்யவேண்டாம் என்கிறார்கள், புதுக் காயம்தான் மிச்சம். வரிசை வரிசையாகக் கிடையாகச் சின்னத் துளைகள் இருந்து அதிலிருந்து சொட்டினால் சாறு குடிக்கிற மரங்கொத்தி, ஏப்ரலில் தெற்கிலிருந்து வரும், விடுங்கள். செர்ரி, பிளம்ஸ் மரத்தில் தேன் நிறத்தில் கட்டியாகப் பிசின் வந்தால் அது சாறில்லை, மரம் எதனாலோ துன்பப்படுகிறது, துளைப்பானோ நோயோ என்று தேடவேண்டும். பைன், ஸ்புரூஸ் ஒட்டுகிற பிசின் விடுவது அவற்றின் இயல்பு.

அவசரமாகப் பார்க்கவேண்டியது ஒன்றுதான், பென்சிலை நுழைக்கிற அளவில் அச்சு வட்டமான ஓட்டைகள். ஆசிய நீள்கொம்பு வண்டு மேப்பிள் பட்டையைக் கடித்துக் குழி போட்டு முட்டை இடும், அந்தக் குழிகளிலிருந்தும் சாறு கசியும். 2003ல் ரொறன்ரோ, வோன் எல்லையில் கண்டார்கள், பிறகு 2013ல் மிசிசாகாவில். ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டித்தான் ஒழித்தார்கள், 2020ல் இல்லை என்று அறிவித்தார்கள். அப்படி ஓட்டை கண்டால் கனேடிய உணவுப் பரிசோதனை முகமைக்கு அறிவியுங்கள்.

தெளிந்த, மணமில்லாத, மார்ச் மாதத்துத் தண்ணியைக் காட்டி மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், நம்பவேண்டாம். சான்றிதழ் பெற்ற மரவியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு இன்னொரு கருத்துக் கேளுங்கள். பயத்தில் வெட்டுப்படுகிற நல்ல மரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த நிழல் திரும்பிவர ஒரு ஆயுள் வேண்டும்.

ஏப்ரல் 9

எங்கள் வெள்ளி மேப்பிள் பூத்துவிட்டது, சிவப்பாகத் துகள் துகளாக முற்றம் முழுக்க. சாறு இன்னும் கொஞ்சம் வருகிறது, ஆனால் மஞ்சளாகி, காய்ச்சினால் ஒரு பச்சை வாடை. மொட்டு வெடிக்கிற நேரத்துச் சாறு அப்படித்தான், சிரப்புக்கு உதவாது. குழாயைக் கழற்றிவிடுங்கள், துளையை அடைக்கவேண்டாம், அதுவே மூடிக்கொள்ளும்.

ஏப்ரல் 20

கத்தரிக்கிற காலம் பற்றி ஒருவருக்குத் தனியாக “கோடையில் வெட்டுங்கள்” என்று பதில் போட்டேன், அதை எல்லா மரத்துக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேப்பிளுக்கும் வால்நட்டுக்கும் சரி, இலை முற்றின பிறகு ஜூலையில் வெட்டினால் சொட்டாது. சொட்டினாலும் பாதகமில்லை என்பதால் குளிர்காலத்தில் வெட்டுவதும் பிழையில்லை. பேர்ச்சை மே முதல் ஜூலை முடியும் வரை தொடவேண்டாம், புது வெட்டின் மணத்துக்குத் துளைக்கிற வண்டு வரும், இலையுதிர் காலம் நல்லது. ஓக்கை வசந்தத்திலும் கோடையிலும் வெட்டவே கூடாது, ஓக் வாடல் நோய் 2023ல் ஒன்ராறியோவுக்குள் வந்துவிட்டது, புது வெட்டில் வந்து இருக்கிற வண்டுகள்தான் பரப்புகின்றன. ஓக்குக்கு நடுக் குளிர்காலம் மட்டும்.

ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றர் குறுக்களவோ அதற்கு மேலோ உள்ள மரம் உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் அகற்றவோ காயப்படுத்தவோ முடியாது. தம்பியிடம் காசு கேட்டவர் அனுமதி பற்றி வாயே திறக்கவில்லையாம். மற்ற நகரங்களில் அளவு வேறு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 19

“வசந்தத்தில் நின்றது திரும்பத் தொடங்கிவிட்டது, காரெல்லாம் பிசுபிசு” என்று படம் வந்திருக்கிறது. அது மார்ச்சில் வந்த சாறில்லை. ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பச்சைப் பச்சையாக அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கும். இலையின் சாறைக் குடித்து, மிஞ்சின சீனித் தண்ணியைக் கழிக்கின்றன, அதுதான் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. நோர்வே மேப்பிளிலும் லிண்டனிலும் மோசம். எறும்பு மரத்தில் ஏறி இறங்குவதும் பிறகு இலையில் கறுப்புப் படிவதும் அதனால்தான். மருந்து அடிக்கவேண்டாம், பொறிவண்டு வந்து தின்னத் தொடங்கிவிடும், அடித்தால் அதுவும் சாகும். காரைச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு உடனுக்குடன் கழுவுங்கள், வெயிலில் காயவிட்டால் பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். ஜூலைக் கடைசி வரை வேறு இடத்தில் நிறுத்த முடியுமென்றால் நிறுத்துங்கள்.